ரெஜியின் விலாசத்துக்குப் போன மூன்று அறிவிப்புகள்

செறுதோட்டுக்கரை,
2019 மார்ச் 11, திங்கள்

பின்ஸிக்கு,

சுகமா என்று கேட்க இதை எழுதவில்லை. போனில் உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை, அதனால்தான் காகிதம். நாலாம் வகுப்புப் படித்தவள் எழுத்து. பொறுமையாகப் படி. இல்லாவிட்டால் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல். அவளுக்கு என் பெயரைத்தானே வைத்தோம், ஏலிக்குட்டி என்று. நீங்கள் இப்போது வேறு எதுவோ கூப்பிடுகிறீர்களாம்.

நேற்று திருப்பலி முடிந்து வெளியே வந்தால் கோயில் பலகையில் ஒரு பட்டியல். பதினான்கு பெயர். பத்து வருஷம் முடிந்த ஒற்றைக் கல்லறைகள், குடும்பத்தார் பதில் சொல்லாதவை, மே மாதம் 27-ம் தேதி திங்கட்கிழமை தோண்டி எலும்பை அஸ்திக்குழியில் சேர்ப்பார்களாம். ஒன்பதாவது பெயர் ரெஜி அவுசேப். என் மகன். உனக்கும் அவன் யாரோ ஒருவனாக இருந்தவன்தான்.

கப்பியார் கொச்சவுசேப்பைப் பிடித்தேன். மணியடிக்கிறவர், கல்லறைச் சாவியும் கோயில் கம்ப்யூட்டரும் அவர் கையில்தான். "என்ன அநியாயம் இது? என்கிட்ட யாரு கேட்டா?" என்றேன்.

"மூணு தடவை மெயில் போயிருக்கு அம்மச்சி. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. மூணுக்கும் பதில் இல்ல. கம்ப்யூட்டர் தானா பட்டியல் போட்டுடுச்சு."

"எவன் பண்ணின கம்ப்யூட்டர்?"

அவர் தலையைச் சொறிந்தார். "உங்க மருமகள் கம்பெனி பண்ணினதுதான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. 2013 ஜூலை 20-ம் தேதி, சனிக்கிழமை, இரண்டாம் கல்யாணச் செய்தி சொல்ல நீ வந்து நின்றாய். இந்தப் படியில் கால் வைக்காதே என்றேன். சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வருஷம் ஏப்ரலில் நானே இறங்கி வந்து உனக்குக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. இப்போது அவன் எலும்பையும் குழியில் தள்ளிவிட்டால் உனக்கு எல்லாக் கணக்கும் தீர்ந்தது, இல்லையா?

கழக்கூட்டம் விலாசத்தைக் கம்பெனிக் காகிதத்தைப் பார்த்துக் கப்பியார் எழுதிக் கொடுத்தார். இதுவாவது சேர்கிறதா பார்ப்போம்.

ஏலிக்குட்டி அவுசேப்


கழக்கூட்டம்,
மார்ச் 19, 2019

அம்மச்சிக்கு,

கடிதம் சேர்ந்தது. மூன்று முறை படித்தேன். பிள்ளையிடம் கொடுக்கவில்லை.

நீங்கள் நினைப்பதுபோல் நான் எதையும் செய்யவில்லை. 2015-ல் எங்கள் கம்பெனி பல கோயில்களுக்குப் பதிவேடு மென்பொருள் செய்து கொடுத்தது. குடும்பப் படிவத்தின் முதல் பக்கம் என் வேலை. அதை ஒப்படைத்த பிறகு எந்தக் கோயிலின் பெயர்களும் எங்களிடம் இல்லை. யார் கல்லறைக்கு எப்போது அறிவிப்பு போகும் என்பது எனக்குத் தெரிய வழியில்லை.

படிவத்தில் மெயில் விலாசம் எழுத ஒரு கட்டம் உண்டு. எழுதியது சரியா என்று பார்ப்பது நான் எழுதிய விதி. சரி என்றால், உருவம் சரி என்று மட்டும்தான். முதலில் ஒரு பெயர் வேண்டும், நடுவில் அந்தச் சுழித்த குறி வேண்டும், பிறகு இன்னொரு பெயர், புள்ளி, கடைசியில் சில எழுத்துகள். இடையில் வெற்றிடம் கூடாது. இவ்வளவு இருந்தால் கட்டம் பச்சையாகும். இல்லாவிட்டால் சிவப்பு. அந்த விலாசத்தில் ஆள் இருக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது.

உங்களிடம் மெயில் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் உங்கள் பெயருக்கு நேராக எந்த விலாசத்தை எழுதினார்கள்? அதைத் தெரிந்து சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று. 2014-ல் உங்களிடமிருந்து எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. படியில் கால் வைக்காதே என்றது மட்டும்தான் கடைசியாகக் கேட்டது.

பின்ஸி


செறுதோட்டுக்கரை,
மார்ச் 27

பின்ஸிக்கு,

கடிதம் வரவில்லை என்று கூசாமல் எழுதியிருக்கிறாய். நீ அன்றைக்குப் படியில் வைத்துவிட்டுப் போன சீட்டு இன்னும் என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. பட்டம், மூன்றாவது குறுக்குத் தெரு, வீட்டு எண் 41, மாடி. அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதினேன். கேட்டது ஒரே ஒரு விஷயம். பிள்ளைக்கு முதல் நற்கருணை வரப்போகிறது, மே மாதம் ஒரு மாசம் என்னிடம் அனுப்பு என்று. அந்த மே மாதம் முழுக்கப் படகுத்துறையில் போய் நின்றேன். இரண்டு முழம் மல்லிகையும் தினம் வாங்கினேன். சரி, அது கிடக்கட்டும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். 2016, பெரிய நோன்புக்கு முந்தின ஞாயிறு. திருப்பலி முடிந்ததும் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து எழுதினார்கள். எனக்கு முன்னால் பாத்திமாபுரத்து மறியாம்மா, பின்னால் வக்கச்சன். என் முறை வந்தது.

"மெயில் ஐடி சொல்லுங்க அம்மச்சி" என்றார் கப்பியார்.

"அப்படின்னா?"

"கம்ப்யூட்டர் விலாசம்."

"என் விலாசம் உனக்குத் தெரியாதா? நேத்து சாயங்காலம்கூட என் வீட்டுல கப்பையும் மீன்குழம்பும் தின்னுட்டுப் போனியே."

"எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியணுமே."

"இல்லன்னு போடு."

போட்டார். கட்டம் சிவந்தது. "இல்லங்கறத இது ஏத்துக்காது அம்மச்சி."

"அதுக்கு என்ன இவ்வளவு கோவம்?"

"சும்மா விட்டாலும் அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. நான் என் தம்பி மகன் விலாசத்தைப் போட்டுடறேன், மறியாம்மாவுக்கும் அதுதான் போட்டேன்." பின்னாலிருந்து வக்கச்சன், "சீக்கிரம் ஆகட்டும், எனக்கு வாத்துக்குத் தீனி வைக்கணும்" என்று கத்தினான். வாத்துக்கூடு போட என் மாமனாரின் கரை நிலத்தில் முக்கால் பங்கைச் சுருட்டின குடும்பம் அவனுடையது, 1987-ல். அதையும் நான் மறக்கவில்லை.

நான், "நில்லு கொச்சவுசேப்பே, எங்க வீட்டுலயும் ஒரு விலாசம் இருக்கு" என்றேன். ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். ரெஜி, அவன் அப்பன் பெயர், எழுபத்தாறு, அப்புறம் சுருண்ட மரவட்டை மாதிரி அந்த எழுத்து, மீதி. பச்சையாகிவிட்டது. "பாத்தியா" என்றேன்.

அவன் மஸ்கட்டுக்குப் போகும் முன்னால் ஆலப்புழையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார வைத்து எனக்கு மனப்பாடம் செய்து கொடுத்த விலாசம். "அம்மச்சி, இத மட்டும் மறந்துடாத. நான் எந்த ஊர்ல இருந்தாலும் இதுக்கு எழுதினா என்கிட்ட வந்துடும்" என்றான். நான் மறக்கவில்லை. வேறு எந்த விலாசத்தைக் கொடுப்பேன்?

உன் கட்டத்துக்கு அவன் செத்தது தெரியாதா?

அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது, இறந்தவர் நினைவுப் பக்கத்துக்கு லிங்க் என்று. அதுவும் இல்லை என்றால் சிவப்பு. கப்பியார் தன் போனில் கிடந்த ஏதோ ஒரு லிங்கை எடுத்து ஒட்டினார். பச்சை. என்ன லிங்க் என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 27 திங்கள். ஞாபகம் இருக்கட்டும்.

ஏலிக்குட்டி


கழக்கூட்டம்,
ஏப்ரல் 8, 2019

அம்மச்சிக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

முதலில் பட்டம் வீடு. கல்யாணத்துக்குப் பிறகு சுனிலும் நானும் அங்கே நான்கு மாதம்தான் இருந்தோம். வீட்டுக்காரர் விற்றுவிட்டார். நீங்கள் எழுதிய விலாசத்தில் பிழை இல்லை. தெரு இருந்தது, எண் இருந்தது, மாடி இருந்தது. தபால்காரர் கதவுக்குக் கீழே தள்ளியிருப்பார். நான் அங்கே இல்லை. புது விலாசத்தை உங்களுக்கு எழுதாதது என் தப்பு. கோபத்தில் எழுதவில்லை. ஐந்து வருஷம் நீங்கள் பதில் இல்லை என்று இருந்தீர்கள், நான் கடிதமே இல்லை என்று இருந்தேன். படகுத்துறையில் நின்றதைப் படித்தபோது அலுவலகத்தில் இருந்தேன். எழுந்து வெளியே போய்விட்டேன்.

அடுத்தது ரெஜியின் அஞ்சல் பெட்டி. அது இன்னும் திறந்திருக்கிறது. வெகுநாள் திறக்காவிட்டால் மூடிவிடுவார்கள் என்பதால், ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 14-ம் தேதி நான் ஒருமுறை உள்ளே போய் வருவேன். அவர் போன நாள். நான் அவர் திதிக்கு வருவதில்லை என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னது என் காதுக்கும் வந்தது. வருவதில்லைதான். அன்றைக்கு இதைச் செய்வேன். சுனிலுக்குத் தெரியும், அந்த நேரத்தில் அவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். போன நவம்பரில் பார்த்தபோது புதிதாக ஒன்றும் இல்லை. உங்கள் கடிதம் வந்ததும் மறுபடி திறந்தேன். மூன்று அறிவிப்பும் அங்கே வரிசையாக இருக்கின்றன. "உங்கள் குடும்பத்தாரின் கல்லறையைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்பினால் கீழே உள்ள லிங்கை அழுத்தவும்." அழுத்தினேன். கெடு முடிந்தது என்று வந்தது.

இனி எழுதுவதுதான் கஷ்டம். அந்தக் கட்டத்துக்கு முதலில் நான் இரண்டு படி வைத்திருந்தேன். உருவத்தைப் பார்ப்பது ஒன்று. பிறகு அந்த விலாசத்துக்கு ஒரு சின்னக் கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. அங்கிருக்கும் ஆள் அதைத் திறந்து ஆமாம் என்று அழுத்தினால்தான் விலாசம் பதிவாகும். விலாசம் உண்மையா என்று தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி, எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அதைக் காட்டியபோது கோயில்கள் தரப்பில் வந்திருந்த பாதிரியார், ஒரு வயதான அச்சன், சொன்னார்: "மோளே, வயசானவங்க போனைத் திறந்து பட்டனைத் தேடிட்டு நிப்பாங்களா? ஒரு ஞாயித்துக்கிழமைல முந்நூறு குடும்பம் எழுதணும். அதை எடுத்துடு." எடுத்துவிட்டேன். கட்டத்தைக் காலியாக விடவும் வழி வைக்கவில்லை. எடுக்கும்போது உங்கள் முகம் ஞாபகம் வந்தது. அம்மச்சியிடம் மெயில் இல்லையே, என்ன செய்வார் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு எடுத்தேன்.

உங்கள் கோயிலின் மத்தாயி அச்சனுக்குப் போன் செய்தேன். அறிவிப்பு சரியான விலாசத்துக்குத்தான் போயிருக்கிறது, திரும்பி வரவில்லை, இனிக் கமிட்டிதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். நான் எழுதிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டேன். "நேர்ல வந்து சொன்னா நல்லது" என்றார்.

செறுதோட்டுக்கரையில் நான் எப்படி வந்து நிற்பேன், அம்மச்சி?

பின்ஸி


செறுதோட்டுக்கரை,
ஏப்ரல் 22

பின்ஸிக்கு,

ஈஸ்டர் முடிந்தது. நவம்பர் 14 பற்றி நீ எழுதியதைப் படித்தேன். ஊரில் நான் சொன்னதைத் திரும்ப வாங்க இப்போது எந்த வீட்டுக்கு என்று போவேன். எட்டு வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

மற்ற பதின்மூன்று பெயரின் வீடுகளுக்கும் போனேன். பட்டியலைப் பார்க்க வேண்டியதில்லை, மனதில் இருக்கிறது. நடந்தும் வள்ளத்திலும் ஆறு நாள். மறியாம்மாவுக்கு, அவள் அக்காளுக்கு, கரோட்டு வீட்டுக்கு, ஏறக்குறைய எல்லாருக்கும் கப்பியாரின் தம்பி மகன் விலாசம். அவன் துபாய்க்குப் போய் மூன்று வருஷம். இரண்டு பேருக்குக் கோயில் மெயிலையே போட்டிருக்கிறார். அதாவது கோயிலே கோயிலுக்கு எழுதிக்கொண்டு, கோயிலே பதில் சொல்லாமல் இருந்திருக்கிறது. ஒருத்தருக்கும் அறிவிப்பு சேரவில்லை, பின்ஸி. ஒரே ஒருத்தருக்குக்கூட.

கமிட்டிக்குப் போய் இதைச் சொன்னேன். வக்கச்சன் இப்போது கமிட்டியில் பெரிய ஆள். "கம்ப்யூட்டர்ல பதினாலும் பச்சையா இருக்கு அம்மச்சி. தப்பா இருந்தா அது எடுத்திருக்காதே. நாலாங்கிளாஸ் படிச்ச நீங்க சொல்றத எடுத்துக்கறதா, மெஷின் சொல்றத எடுத்துக்கறதா?" என்றான்.

"உங்கப்பன் என் மாமனாருக்கு எழுதிக் குடுத்த பத்திரமும் பச்சையாத்தான்டா இருந்துச்சு" என்றேன். எல்லாரும் அடக்கப் பார்த்தார்கள். கடைசியில் மத்தாயி அச்சன்தான், அந்தக் கம்ப்யூட்டரைச் செய்தவர் வந்து சொல்லட்டும், கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்றார்.

மே 5 ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு. நான் வா என்று எழுதவில்லை. கூட்டம் என்றைக்கு என்று எழுதுகிறேன்.

எப்படி நிற்பாய் என்று கேட்டிருந்தாய். காலால்தான்.

ஏலிக்குட்டி


கழக்கூட்டம்,
மே 8, 2019

அம்மச்சிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு நீங்கள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் பேசி முடிக்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் நீங்கள் பார்க்காததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் தயார் செய்து கொண்டுவந்த பேச்சு யாருக்கும் புரியவில்லை. உருவம் வேறு, ஆள் இருப்பது வேறு என்று இரண்டு தடவை சொன்னேன். வக்கச்சன் சேட்டன் கொட்டாவி விட்டார். அப்போதுதான் உங்கள் கடிதத்தில் இருந்த அந்த நினைவுப் பக்கம் ஞாபகம் வந்தது. கப்பியாரிடம் ரெஜியின் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். "இந்த லிங்கும் பச்சைதானே?" என்று கேட்டேன். "பச்சைதான்" என்றார் வக்கச்சன் சேட்டன், பெருமையாக. "அழுத்துங்க" என்றேன்.

திரையில் ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே வந்து, "இன்னிக்கு நாம பண்ணப் போறது குட்டநாடு வாத்துக் கறி" என்றார்.

அச்சன் வாயைப் பொத்திக்கொண்டார். கப்பியார் நிறுத்தத் தெரியாமல் ஒலியைக் கூட்டிவிட்டார். அந்த அம்மாள் வெங்காயம் நறுக்கும்வரை ஓடியது. எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ரெஜிக்கு வாத்துக் கறி எவ்வளவு பிடிக்கும் என்பது அந்தக் கூட்டத்தில் நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். "பச்சைன்னா இவ்வளவுதான் அர்த்தம்" என்றேன். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டாம் கல்யாணம் பண்ணிட்டுப் போனவளுக்கு இந்தக் கல்லறைல என்ன பேச்சு?" என்று வக்கச்சன் சேட்டன் எழுந்தார். நீங்கள் எழுந்தீர்கள். "அவளுக்குப் பேச்சு இருக்கா இல்லையான்னு நான் அவகிட்ட சண்ட போட்டுக்கறேன். அது எங்க வீட்டு சண்ட. நீ உக்காரு." அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

பதினான்கு கல்லறையும் இருக்கும் என்று அச்சன் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் எடுத்த படியை இந்த வாரம் திரும்ப வைத்துவிட்டேன், எல்லாக் கோயிலுக்கும். இனி ஒரு விலாசம் கொடுத்தால் அது மஞ்சளாக நிற்கும். கடிதம் போய், அங்கிருக்கும் ஆள் பதில் அழுத்தினால்தான் பச்சை. மெயில் இல்லாதவர்களுக்கு "இல்லை" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அதைத் தொட்டால் அறிவிப்பு காகிதத்தில் அச்சாகும், கப்பியார் வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்க வேண்டும். மணியடிப்பதைவிட நடப்பதுதான் இனி அதிகம் என்று அவர் என்னைத் திட்டினார்.

கூட்டம் முடிந்ததும் நீங்கள் வேகமாகப் போய்விட்டீர்கள். நானும் பின்னால் வந்தேன். உங்கள் வீட்டுப் படகுக் கடவு வரைக்கும் வந்தேன். வெளியே இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். படியைப் பார்த்தேன். நீங்கள் அன்று சொன்னது நினைவு வந்தது. திரும்பிப் போய்ப் பஸ் பிடித்தேன்.

பின்ஸி


செறுதோட்டுக்கரை,
மே 20

பின்ஸிக்கு,

அந்த இரண்டு ஜோடிச் செருப்பில் ஒன்று என்னுடையது. இன்னொன்று நீ 2009-ல் விட்டுப்போனது. தோட்டத்துக்குப் போட்டுக்கொள்கிறேன். மீன்குழம்பு வைத்திருந்தேன், குடம்புளி போட்டு. மறுநாள்வரை இருந்தது. அதையும் நான் மறக்கப் போவதில்லை.

வாத்துக் கறிக்கு நான் சிரிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். தோள்துணியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பியிருந்தால் மானம் போயிருக்கும்.

இன்று கப்பியார் புதுப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார், கையில் சின்னக் கம்ப்யூட்டர். "அம்மச்சிக்கு இல்லைங்கற கட்டத்தையே தொட்டுடவா? உங்க மருமகள் உங்களுக்காகத்தான் வெச்சிருக்காங்க."

"தொடாதே. எங்க வீட்டுல விலாசம் இருக்கு" என்றேன்.

"மறுபடியுமா அம்மச்சி! அவன் விலாசத்தைப் போட்டா பதில் யாரு அழுத்துவா?"

"அவன் விலாசம் இல்ல. போன தடவை அவ போட்ட கடிதத்துல தலைல அவ மெயில் அச்சடிச்சிருந்துச்சே, அது." கம்பெனிக் காகிதத்தில்தானே எழுதுகிறாய். இரண்டு தடவை பார்த்தேன், மனதில் ஏறிவிட்டது. ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். மஞ்சளாகிவிட்டது.

"இனி அவங்க அழுத்தணும். அழுத்தாட்டி இப்படியேதான் நிக்கும்" என்றார்.

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ஏழு நாள்."

ஐந்து வருஷம் நின்றவளுக்கு ஏழு நாள் பெரிசில்லை. அவர் கட்டன் சாயா குடித்துவிட்டு வள்ளத்துக்குப் போனார். நான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ வேலையில் இருப்பாய், பார்த்திருக்க மாட்டாய். அழுத்தாவிட்டால் அதையும் 

இவ்வளவு எழுதும்போது வாய்க்காலிலிருந்து கொச்சவுசேப்பு கூவுகிறார். வள்ளத்தில் எழுந்து நிற்கிறார், விழப்போகிறார். "அம்மச்சியே! பச்சை! பச்சை!"

அப்படியானால் நீ அங்கே இருக்கிறாய்.

சரி. 2014-ல் கேட்டதையே கேட்கிறேன். பிள்ளையை எப்போது அனுப்புகிறாய்? கொண்டுவந்து விடுவது நீதான். படி அங்கேயேதான் இருக்கிறது, ஏறி வா.

அம்மச்சி